சிங்கப்பூர் டப்பா

'கீக்... கீக்... கீக்.'

விளக்கை அணைத்த பிறகு நடையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. எலியா, யாராவது பூட்டை அறுக்கிறார்களா, ஒன்றும் புரியவில்லை. குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

வீட்டுக்காரம்மா தையல்நாயகி. தெருக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, உள்ளங்கை அகல டப்பா ஒன்றைக் கட்டை விரல்களால் அமுக்கிக்கொண்டிருந்தார்.

திண்டிவனத்தில் அந்த வீட்டுக்கு மூன்று குடித்தனம், ஒரே தெருக் கதவு. ஒரு பக்கம் நாங்கள், எதிர்ப்பக்கம் சவுரியம்மாள் குடும்பம், பின்கட்டில் வீட்டுக்காரம்மா, தனியாக.

காலையில் குழாயடியில் சவுரியம்மாள்தான் விவரம் சொன்னாள். அதற்குப் பெயர் வீடியோ கேமாம். குரங்கு மேலேயிருந்து பழம் போடும், கீழே ஒருவன் கூடையோடு ஓடிப் பிடிக்க வேண்டும். வீட்டுக்காரம்மாவின் தம்பி, கிளியனூர் சுப்பராயலு, சிங்கப்பூரிலிருந்து தன் மகளுக்கு வாங்கிவந்தது. இந்த அம்மா கேட்டு வாங்கி வைத்துக்கொண்டதாம். அந்தக் குழந்தை அழுதுகொண்டே கிளியனூர் பஸ் ஏறியதாம்.

"அம்பது வயசுல கேமு கேக்குது பாரு. அதுவும் சின்னப் புள்ள கையிலேர்ந்து புடுங்கிக்கினு" என்றாள்.

நானும் சிரித்தேன். ஆனால் என் கவலை வேறு.

என் மகனுக்கு ஆறு மாதம். தூக்கத்தில் திடுக்கிட்டால் வீறிடுவான். அழுகிற வேகத்தில் மூச்சு நின்று உதடு நீலம் பாரித்துவிடும். தூங்கும்போது அதிர விடாதீர்கள் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார்.

அந்தச் சத்தம் தொடங்குவதற்குச் சில வாரம் முன்புதான் என் கணவருக்கு விழுப்புரத்துக்கு மாற்றல் வந்திருந்தது. கடைசி பஸ்ஸில் வருவார். கதவைத் தட்டுவார். பழைய காலத்துக் கதவு, வீடே அதிரும். ஒருநாள் நீலம் பாரித்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்காரம்மாவிடம் போய் அழுதேன்.

"இனிமே தட்ட மாட்டாரு. போய்ப் படு அம்சா" என்றார்.

அப்படியே ஆயிற்று. இவருடைய செருப்புச் சத்தம் கேட்டதுமே அந்த அம்மா கதவைத் திறந்துவிடுவார். கேம் ஆடிக்கொண்டு முழித்திருப்பவருக்குத் திறப்பதில் என்ன சிரமம்?

அந்தத் தட்டல் போய் இந்தக் 'கீக்' வந்து சேர்ந்ததுதான் மிச்சம். உண்மையில் குழந்தை அந்தச் சத்தத்துக்கு ஒருநாளும் விழிக்கவில்லை. விழித்துவிடுமோ என்று நான்தான் விழித்திருந்தேன். சிஸ்டர்கள் பள்ளியில் சொல்லிக்கொடுத்த குரோஷாவை எடுத்துவைத்துப் பின்னுவேன். ஒவ்வொரு 'கீக்'குக்கும் ஒரு கண்ணி தவறும்.

"நீதான் கான்வென்ட்ல படிச்சவ. பதமா சொல்லிப்பாரு. நான் சொன்னா சண்டையாப் பூடும்" என்று சவுரியம்மாள் தூண்டிவிட்டாள்.

சாயங்காலம் ஒலக்கூர் நிலத்திலிருந்து வீட்டுக்காரம்மா வந்தார். மல்லாட்டைச் செடி பிடுங்கி வேர்க்கடலை ஆய்கிற சமயம். விடியுமுன் பஸ் பிடித்துப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். காலில் இன்னும் செம்மண்.

"தப்பா நெனச்சிக்காதீங்கம்மா. ராத்திரி அந்த கேம் சத்தம்... குழந்தை முழிச்சிக்குவானோன்னு பயமா இருக்கு."

அவர் முகம் மாறியது. "முழிச்சிக்கிறானா?"

"இன்னும் இல்ல. பயந்தான்."

"சத்தத்த நிறுத்தறதுக்கு அதுல வழி இல்லியே" என்றார். பிறகு, "சரி வுடு. அதைக் கிளியனூருக்கே குடுத்தனுப்பிடறேன். உன் வூட்டுக்காரு இன்னிக்கும் கடைசி பஸ்தானே?"

"ஆமாம்மா."

மறுநாளே டப்பா போய்விட்டது. சவுரியம்மாளுக்கு வெற்றி. இப்போதாவது அந்தப் பெண்ணிடம் போய்ச் சேர்ந்ததே, நாலு பேர் கேட்டால்தான் சில பேருக்குப் புத்தி வருகிறது என்று குழாயடியில் எல்லோரிடமும் சொன்னாள்.

அன்று ராத்திரி வீடு நிசப்தமாக இருந்தது. வெகு நாளைக்குப் பிறகு நான் பயமில்லாமல் கண் மூடினேன்.

'டமார், டமார்' என்று கதவு அதிர்ந்தது.

குழந்தை துள்ளி விழித்து வீறிட்டான். மூச்சு நின்றது. உதடு நீலமானது. முதுகைத் தட்டி, முகத்தில் ஊதி, தண்ணீர் தெளித்து, அவன் திரும்பவும் 'வீல்' என்று கத்துகிறவரை என் உயிர் என்னிடம் இல்லை. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நடைக்கு ஓடினேன். கேம் இல்லை என்றால் சீக்கிரமே போய்ப் படுத்துவிட்டாரா இந்த அம்மா என்று ஆத்திரம் வந்தது.

அவர் போய்ப் படுத்திருக்கவில்லை.

தெருக் கதவின் அடியிலேயே, வெறும் தரையில் சரிந்து கிடந்தவர், அப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தடுமாறித் தாழ்ப்பாளை விலக்கினார். என் கணவர் உள்ளே வந்தார்.

"தட்ட வெச்சிட்டேனே தம்பி" என்றார் அவரிடம். என் தோளில் விசும்பிக்கொண்டிருந்த குழந்தையின் உதட்டை விளக்கு வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தார். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"நாளெல்லாம் வெயில்ல நின்ன ஒடம்பு அம்சா, உக்காந்தா கண்ணு சொக்கிப் பூடுது. அந்த டப்பா கையில கத்திக்கினு இருந்தாத்தான் முழிச்சிக்கினு இருப்பேன். அதுக்குத்தான் அந்தப் புள்ளைய அழவெச்சி வாங்கினேன்" என்று சொல்லிக்கொண்டே கதவைச் சாத்தி, துளிச் சத்தம் வராமல் உள்தாழ்ப்பாளைப் போட்டார்.