வெர்ன் வேண்டாமென்ற வண்டி

அமெரிக்காவில் பனி கொட்டும் ஊரான டுலூத்தில் பழைய நீலக் காரை விற்கப் போட்டிருந்தாள் லொரெய்ன். அதை வாங்க வந்த கர்டிஸ், மெக்கானிக் வெர்னிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று எடுத்துப்போய், மத்தியானம் திரும்பி வந்தான்.

"வெர்ன் என்ன தம்பி சொன்னாரு?"

"பனி உருக உப்புத் தூவுன ரோட்டுல ஓடி அடியெல்லாம் துருவாம். கியர்பாக்ஸ் இந்தக் குளிரத் தாங்காதாம். சும்மா குடுத்தாக்கூட வாங்காதேன்னுட்டார்."

லொரெய்னின் முகம் சுருங்கியது. "நல்லா ஓடற வண்டிய இப்படிச் சொல்லிட்டாரே. சரி, சாவிய வச்சிட்டுப் போங்க."

"சாவி எதுக்கு? இந்தாங்க, நீங்க கேட்ட நாலாயிரம் டாலர். வண்டி பேப்பரைக் குடுங்க, சீக்கிரம்."

"பேரம்கூடப் பேசலையா? அப்ப வெர்ன் மேல நம்பிக்கை இல்லன்னு சொல்லுங்க."

"ஐயோ, அவரை மாதிரி வண்டி தெரிஞ்ச ஆள் இந்த ஊர்லயே கிடையாதுங்க. ஆறு வருஷத்துல எனக்கு மூணு வண்டிய வேண்டாம்னு சொன்னார். நானும் கேட்டுக்கிட்டு விட்டுட்டேன். இப்ப ஒண்ணுல அவர் சம்சாரம் சர்ச்சுக்குப் போறாங்க. ஒண்ணை அவர் பொண்ணு ஓட்டுது. இன்னொண்ணு மருமகன்கிட்ட இருக்கு. மூணும் ஒரு நாள்கூட வழியில நின்னதில்ல."

வீட்டுக்குள் போன் அடித்தது. பேசிவிட்டு, கையில் பேப்பரோடு சிரித்துக்கொண்டே வந்தாள் லொரெய்ன்.

"வெர்ன்தான். அவர் பையனுக்கு இன்னும் வண்டி அமையலையாம்."