பிரித்துப் போட்டவள்

"கப்பல் கவிழ்ந்த மாதிரி கன்னத்துல கை வெச்சு உக்காந்திருந்தா, போன வேலை திரும்பி வந்துடுமா?"

அவள் மூன்றாவது முறையாகக் கேட்டாள். கணவன் யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல் சாப்பாட்டு மேசை முன்னால் உட்கார்ந்திருந்தான். இருபத்திரண்டு வருடமாக அவன் ஃபோர்மேனாக இருந்த டயர் தொழிற்சாலையை அன்று காலையில் இழுத்து மூடிவிட்டார்கள். கேட்டில் ஒரு நோட்டீஸ், அதோடு சரி.

இன்ஷூரன்ஸ் ஆபீஸில் பதினெட்டு வருடம் ஃபைல் பார்த்தவள் அவள். யாருக்கு எங்கே அடி விழும், விழுந்தால் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போடுவதுதான் அங்கே பிழைப்பே.

போன் அடித்தது. மெஸ் நடத்தும் நாத்தனார்.

"துக்கம் விசாரிக்க ஆரம்பிச்சாச்சு" என்று முணுமுணுத்தபடி துண்டித்தாள். "ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. நான் அவ்வளவு தடுத்தும் கம்பெனி ஷேரு வாங்கிட்டீங்களா?"

"இல்ல."

"யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டீங்களா?"

"இல்லம்மா."

"அப்புறம் எதுக்கு இந்த மூஞ்சி?"

ஐந்து வருடத்துக்கு முன்னால் இதே மேசையில்தான் அந்தச் சண்டை நடந்தது. சேமிப்பு முழுவதையும் கம்பெனி ஷேரில் போடலாம் என்றான் அவன். 'சம்பளமும் அங்க, சேமிப்பும் அங்கயா? அது படுத்தா நாமளும் கூடவே படுக்கணுமா?' என்று ஒரு மாதம் அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாள்.

கடைசியில் பணத்தை மூன்றாகப் பிரித்தவளும் அவள்தான். நாத்தனாரின் மெஸ்ஸில் ஒரு பங்கு, தம்பி ஓட்டும் லாரியில் ஒரு பங்கு, பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து கட்டிய வாடகை அறைகளில் ஒரு பங்கு. மெஸ்ஸில் மத்தியானம் உட்கார இடம் கிடைக்காது. லாரி ஒரு நாள் சும்மா நின்றதில்லை. அறை காலியானால் அன்றைக்கே ஆள் வந்துவிடும்.

மறுபடியும் போன். இந்த முறை தம்பி. அதையும் துண்டித்தாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, கொஞ்சம் பேசணும்."

"அப்புறம் வாங்கண்ணே. இவரு இன்னும் ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கல."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் கணவனைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அவளுக்குப் பொறுமை போய்விட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"இங்க பாருங்க. என் ஆபீஸ்ல தினம் பத்துப் பேருக்கு இதைத்தான் சொல்றேன், ஒரே கிளையில மொத்தக் குடும்பமும் தொங்கக்கூடாதுன்னு. அவங்களுக்குப் புரியுது, உங்களுக்குத்தான் புரியல. சம்பளம் போச்சு, சரி. நம்ம பணம் மூணு இடத்துல பத்திரமா இருக்கு. அதுக்கும் உங்க ஃபேக்டரிக்கும் என்ன சம்பந்தம்?"

"அன்னிக்கே சொல்ல வந்தேன். நீ எங்க பேச விட்ட?"

"சரி, இப்ப சொல்லுங்க."

அவன் அப்போதுதான் தலையை நிமிர்த்தினான்.

"மெஸ்ஸுல சாப்பிட்டவன், ரூமுல தங்கினவன் எல்லாம் எங்க ஆளுங்க. லாரியில போனது எங்க டயரு."