குணமாகாத கழுத்து

"இன்னும் ஒரு மாசம் மட்டும் போட்டுக்கறேனே டாக்டர்."

குப்புறப் படுத்திருந்த பெரியவரின் பின்கழுத்தில் கட்டைவிரல்களை வைத்து, எலும்பு எலும்பாக அழுத்திக்கொண்டே இறங்கினார், கையாலேயே எலும்பு மூட்டுகளைச் சரிசெய்யும் கைரோபிராக்டர். கழற்றிய கழுத்துப் பட்டை மேசைமேல் கிடந்தது.

"ஏழு எலும்பும் ஒழுங்கா நிக்குது. இந்தப் பக்கம் திருப்புங்க. அந்தப் பக்கம். வலிக்குதா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்குப் பட்டை? தலையைத் தாங்குற வேலையை அது பார்த்தா, கழுத்துத் தசை சும்மா கெடந்து மெலிஞ்சு போயிடும். நாளைக்குத் தலையே நிக்காது."

பெரியவர் எழுந்து உட்கார்ந்தார். அவர் கை பட்டையை நோக்கிப் போனது. கைரோபிராக்டர் அதை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"பஸ்ல பிரேக் போட்டப்ப பட்ட அடி, எப்பவோ ஆறிப்போச்சு. உண்மையச் சொல்லுங்க. உங்க வீட்டம்மா செய்யற பணிவிடை பழகிடுச்சு, அதானே?"

அந்தப் பணிவிடையைக் கைரோபிராக்டரும் பார்த்திருந்தார். நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற அந்த அம்மாள்தான் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். "குனியாதீங்க, நான் இருக்கேன்ல" என்று அதட்டி, செருப்பைக் கழற்றிவிட்டார். தலையணை உயரமாக இருக்கிறதென்று கைரோபிராக்டரிடமே குறை சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்தார்.

"சோறு ஊட்டி விடறா," என்றார் பெரியவர். "தூங்கற வரைக்கும் கையைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருக்கா."

"கொடுத்து வெச்சவர் நீங்க. அதுக்காக அவங்களை இப்படி ஏமாத்தலாமா?"

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த விரல்கள் நின்றன.

"தப்புதான். ஆனா இப்ப கொடுத்துடுங்க, அவ உள்ள வர்றதுக்குள்ள."

"அதெல்லாம் ஆகாது. நானே சொல்லிடறேன்." கைரோபிராக்டர் கதவைத் திறந்தார். "வாங்கம்மா. உங்க வீட்டுக்காரருக்குக் கழுத்து சரியாயிடுச்சு."

அம்மாள் உள்ளே வந்தார். வெறுங்கழுத்தோடு உட்கார்ந்திருந்தவரை ஏற இறங்கப் பார்த்தார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓரடி பின்வாங்கினார்.

"யாரு டாக்டர் இவரு? நான் கூட்டிட்டு வந்த பேஷண்ட் எங்க?"

பெரியவர் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அதைக் கொடுத்துடுங்க டாக்டர். நான் புருஷன்ங்கறதே அவளுக்கு மறந்துபோச்சு. பட்டை கழுத்துல இருந்தா, நான் அவ வார்டு நோயாளி. இல்லேன்னா, யாரோ ஒரு ஆளுன்னு வீட்டுக்குள்ளயே விட மாட்டா."