டிரைவர் தனி

அறிவிப்பை வாசித்து முடித்ததும் மேலாளர் முதலில் செய்த காரியம், கேமராவை அணைத்ததுதான்.

அந்த நேரத்துத் தன் முகத்தை யாரும் பார்க்க வேண்டாம் என்றிருந்தது அவருக்கு.

கல்குவாரி ஷெட்டில், சுவரில் மாட்டிய பெரிய டி.வி.யின் முன்னால் லாரி டிரைவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். இவர் தன் வீட்டு மாடி அறையில், கதவைத் தாழிட்டுக்கொண்டு, மடிக்கணினியின் முன்னால். நேரிலேயே போய்ச் சொல்லியிருக்கலாம். அரை மணி நேரப் பாதைதான். தைரியம்தான் இல்லை.

முதலாளி எழுதிக் கொடுத்ததை அப்படியே திரையில் போட்டு, வரி விடாமல் படித்திருந்தார். புது வண்டிகள் வருகின்றன. அலுவலக அறையில் இருந்தபடியே ரிமோட்டில் ஓட்டலாம். வண்டிக்குள் ஆள் உட்கார வேண்டியதில்லை. ஆகவே...

அந்த 'ஆகவே'யில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மீதியைப் படிக்க முடிந்தது. அடுத்த மாதத்தோடு டிரைவர்கள் யாருக்கும் வேலை இல்லை.

ஷெட்டில் யாராவது நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கடைசியில் கியர் அண்ணன் தொண்டையைச் செருமினார். டிரைவர்களில் மூத்தவர். மகள் கல்யாணமானாலும் சரி, மூட்டுவலியானாலும் சரி, எதையும் கியர் போட்டுத்தான் பேசுவார். அதனால் வந்த பெயர்.

"ரிவர்ஸ் எடுக்க முடியாதுன்னு தெரியுது சார். கொஞ்ச நாள் நியூட்ரல்லயாவது வைக்கச் சொல்லுங்களேன். பசங்களுக்கு இந்த வருஷப் பள்ளிக்கூடம் முடியட்டும். நீங்க ஒரு வார்த்தை சொன்னா முதலாளி கேப்பாரு."

கேட்பார்தான். முதலாளி வேறு யாருமில்லை, மேலாளரின் அக்கா வீட்டுக்காரர். ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வாயைத் திறக்க வேண்டுமே. மாமாவின் எதிரில் அது சாப்பிடுவதற்கு மட்டும்தான் திறந்து பழகியிருந்தது.

"பாக்கறேண்ணே" என்றார். சொன்ன வாய்க்கே கூசியது.

அண்ணன் அதை நம்பிவிட்டார். அதுதான் இன்னும் மோசம். நம்பி, ஒவ்வொரு டிரைவரின் வீட்டு நிலவரத்தையும் எடுத்துச் சொல்ல ஆரம்பித்தார். ஒருவருக்குப் பாதி கட்டிய வீடு, ஒருவருக்குப் படுக்கையில் அம்மா. கேட்கக் கேட்க மேலாளருக்குக் காது சுட்டது. ஓடி ஒளிய இடம் தேடி அவர் கை தானாகவே கணினியில் இன்னொரு பக்கத்தைத் திறந்தது.

பொம்மை லாரி.

பொம்மை என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். நிஜ லாரியை அப்படியே சுருக்கிச் செய்தது. ரிமோட்டைத் தட்டினால் மேடு, பள்ளம், பாறை எல்லாவற்றிலும் நிதானமாக ஏறி இறங்கும். கதவு விளிம்பில் துருகூட உண்டு. மனைவிக்குத் தெரியாமல் பல வாரங்களாக இந்த விற்பனைப் பக்கத்தையே சுற்றிச் சுற்றி வருகிறார். இந்த வயதில் எதற்கு இது என்று கேட்டால் என்ன சொல்வது?

சொல்லப் பதில் இருந்தது, வெட்கம்தான் விடவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கொட்டுகிற மழையில், கியர் அண்ணன் இவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் குவாரியின் உச்சிவரை லாரியை ஏற்றினார். சேறு கண்ணாடிவரை அடித்தது. இவர் சின்னப் பிள்ளையாகக் கத்தினார். அன்று பட்ட சந்தோஷம் அலுவலக நாற்காலியில் பிறகு ஒருநாளும் கிடைக்கவில்லை.

சிவப்பா, பச்சையா? பச்சையைத் தொட்டார். அண்ணனின் லாரியும் அதே பச்சைதான். கூரைமேல் ஸ்டெப்னி, சரி. முன்பக்கம் இழுவைக் கயிறு, சரி. சக்கரத்தில் காய்ந்த சேற்று நிறம், அது இல்லாமலா?

"ம்... ம்..." என்று இடையிடையே ஷெட்டுக்கும் குரல் கொடுத்துக்கொண்டார்.

அடியில் சின்ன எழுத்தில் இருந்தது: பேட்டரி தனி. டிரைவர் தனி.

டிரைவரைச் சேர்த்துப் பார்த்தார். தொப்பி போட்ட பொம்மை ஒன்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அசடு வழியச் சிரித்தது. வண்டியின் அழகே போய்விட்டது. எடுத்தார். மனசு கேட்காமல் மறுபடி சேர்த்தார். மறுபடி எடுத்தார். ஆள் இல்லாமல் இருந்தால்தான் நிஜ வண்டி மாதிரி இருக்கிறது.

'டிரைவர் வேண்டாம்' என்பதை அழுத்தினார்.

அப்போதுதான் உறைத்தது, அண்ணன் பேச்சை நிறுத்திக் கொஞ்ச நேரமாகிறது. ஷெட்டிலிருந்து மின்விசிறி ஓடும் சத்தம் மட்டும் வந்தது. யாரோ இருமினார்கள். யாரோ ஒரு நாற்காலியைப் பின்னால் தள்ளினார்கள்.

"சார்" என்றார் கியர் அண்ணன். குரலில் கோபம் இல்லை. "டிரைவரையும் சேர்த்தே வாங்குங்க. ஆளில்லாத வண்டி பாக்க நல்லா இல்ல."

மேலாளரின் கண் திரையின் உச்சிக்குப் போனது. அறிவிப்பைக் காட்டத் திரையைப் பகிர்ந்தபோது வந்த பட்டை இன்னும் அங்கேயே இருந்தது. உங்கள் திரையை எல்லோரும் பார்க்கிறார்கள் என்றது அது.

அவர் அணைத்திருந்தது தன் முகத்தை மட்டும்தான்.