எதிர் ஜன்னல்

பிற்பகல் வெயிலில் சந்து கொதிக்கிறது. இரண்டு வீடுகளுக்கும் நடுவே கை நீட்டினால் தொட்டுவிடும் தூரம்தான். மெக்கானிக் ஏணியில் நின்றபடி புது ஏசியின் வெளிப்பெட்டியைச் சுவரில் பொருத்தி, ஓடவிட்டுப் பார்க்கிறார். அது உறுமிக்கொண்டு எதிர் ஜன்னலுக்குள் அனலைத் துப்புகிறது. அந்த ஜன்னலின் திரை உப்பி எழ, உள்ளே கைக்குழந்தை வீறிடுகிறது. வேர்க்குருவால் சிவந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தாய் ஓடி வருகிறாள். "அக்கா, உங்க வீட்டுச் சூட்டையெல்லாம் எங்க வீட்டுல கொட்டுறீங்களே!" இந்தப் பக்கத்து ஜன்னலில் நிற்பவளுக்கு முகம் சுருங்குகிறது. "நான் என்னம்மா பண்ணுவேன்? போன வருஷம் வரைக்கும் ஃபேனே போதுமா இருந்துச்சு. நேத்து மாமாவுக்கு மயக்கமே வந்துடுச்சு." அவள் பின்னால், கட்டிலில் மாமனார் வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறார். "வேற சுவர்ல மாட்ட முடியாதாப்பா?" என்று ஏணிப் பக்கம் திரும்பிக் கேட்கிறாள் அவள். மெக்கானிக் கழுத்து வியர்வையை வழித்து உதறுகிறார். "எங்க மாட்டினாலும் யாரு வீட்டுக்குள்ளயாவதுதாங்க போகும்." குழந்தையின் அழுகை கரகரத்துத் தேய்கிறது. அவள் ரிமோட்டை எடுக்கிறாள், மாமனாரைப் பார்க்கிறாள், அணைக்காமலே வைத்துவிடுகிறாள். பிறகு ஜன்னலோடு முகத்தை ஒட்டிக்கொண்டு, "புள்ளையத் தூக்கிட்டு இங்க வந்துடு. யோசிக்காத, வா," என்கிறாள். தாய் அவசரமாகச் செருப்பைத் தேடுகிறாள். வெளிப்பெட்டி ஓய்வதாக இல்லை. அனல் சந்து வழியே மேலே ஏற, மாடி வீடுகளின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகப் படார் படாரென்று சாத்தப்படுகின்றன.