கேட்டதைத்தான் சொல்லும்

காலையிலிருந்து அக்காவும் தங்கையும் மலைச்சாலையில் காரை அங்கங்கே ஓரங்கட்டிப் பறவை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காட்டுக்கு இருவரும் வருவது அதுவே முதல் தடவை. ஒரு வளைவில், மரக்கிளையில் கரிச்சான் ஒன்று உட்கார்ந்திருந்தது.

"உன்னை மாதிரியே வாயாடிடி அது, குட்டிமா. காதுல விழுந்த சத்தத்தையெல்லாம் அப்படியே திருப்பிச் சொல்லும்" என்றாள் அக்கா.

அது கிளியைப் போலக் கத்தியது. லாரி ஹாரன் மாதிரி ஒலித்தது. பிறகு தங்கையின் குரலில், "அக்கா, பிரேக்கைப் போடு!" என்று அலறியது. தொடர்ந்து அதே அலகிலிருந்து கண்ணாடி நொறுங்கும் சத்தம்.

தங்கை அக்காவின் தோளைப் பற்றினாள். "நான் அப்படிக் கத்தவே இல்லையேக்கா."

அக்கா கார் சாவியைப் பைக்குள் போட்டாள். "வண்டி இங்கயே கிடக்கட்டும். நடந்தே இறங்கிடலாம், வா."

இருவரும் கைகோத்துக்கொண்டு வேகவேகமாக இறங்கினார்கள். மூடுபனி சாலையை மறைக்கத் தொடங்கியது. கரிச்சான் மரத்துக்கு மரம் தாவிக் கூடவே வந்தது.

பிறகு, அழுது தொண்டை கட்டிய அக்காவின் குரலில் கூப்பிட ஆரம்பித்தது. "குட்டிமா, எங்கடி போனே? ஒரு குரல் குடுடி."

அக்கா உதட்டை இறுக மூடிக்கொண்டு தங்கையின் கையை இன்னும் அழுத்திப் பிடித்தாள்.