இருநூற்றுப் பத்துக் குதிரைகள்

“இதைச் சும்மா காருன்னு நினைச்சுத் தொட்டுடாதப்பா. உள்ளே இருநூத்திப் பத்துக் குதிரை கட்டியிருக்குது. ஓட்டிடுவியா?” என்றார் எஸ்டேட் முதலாளி மருதாசலம்.

“தொர காருல பன்னெண்டு வருசம் ஸ்டியரிங் பிடிச்சவங்க நான்” என்றான் செல்லையா.

சிலோனிலிருந்து கப்பலேறி, மண்டபம் முகாமில் தங்கி, மலைமேல் இருக்கும் அரவேணுவுக்கு வந்து சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மனைவி வீரம்மாவும் இரண்டு குழந்தைகளும் தெரிந்த தோட்டத் தொழிலாளி ஒருவரின் லயத்து வீட்டு வாசலில் படுத்துக்கொண்டிருந்தார்கள். டிரைவர் வேலை கிடைத்தால் கார் ஷெட்டுக்குப் பின்னால் இருக்கும் ஓட்டு வீடும் கிடைக்கும். கிடைக்காவிட்டால் நாளைக்கு அந்த வாசலும் கிடையாது.

மருதாசலம் கோயமுத்தூரில் பஞ்சு வியாபாரம் செய்தவர். சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரரிடம் எஸ்டேட்டை வாங்கியபோது இந்தக் காரும் கூடவே வந்தது. ஸ்டியரிங்கைத் தொட்டதில்லையே தவிர, காருடன் வந்த புத்தகத்தை ஹெட் கிளார்க்கை வாசிக்கச் சொல்லி மனப்பாடம் செய்திருந்தார்.

“ஆறு சிலிண்டர். மூவாயிரத்து நானூறு சி.சி. மேலே ரெண்டு கேம் ஷாஃப்ட், பக்கத்துல ரெண்டு கார்புரேட்டர். வியாதியையும் மறைக்காமச் சொல்லிடறேன். ஏத்தத்துல கொதிக்கும். நின்ன இடத்துல ஆயிலைக் கக்கும். டைமிங் செயின் சலங்கை கட்டின மாதிரி சத்தம் போடும். மலைக்காத்து கார்புரேட்டருக்கு ஒத்துக்காது, கரும்புகைதான். பழனியாண்டின்னு ஒரு டிரைவர். பாதி மலையில சாவியை என் கையில கொடுத்துட்டு, பின்னால வந்த பஸ்ல ஏறிப் போயிட்டான்.”

தேயிலை ஃபேக்டரியைக் கவனித்துக்கொள்ளும் டீ மேக்கர் பரமசிவன் கையைப் பிசைந்துகொண்டு அருகில் வந்தார். “ஏனுங்க, அந்தக் காருல ஒரு சின்ன...”

“குறுக்க பேசாதே. நான் ஊருல இல்லாதப்ப ஃபேக்டரி எஞ்சின் உடைஞ்சு போச்சுன்னு போன்ல அழுதே. என்னமோ பண்ணு, இலை அரைக்கிற ரோலர் நிக்கக் கூடாதுன்னு ஒரு அதட்டு அதட்டினேன். இப்ப கேளு, எப்படி ஓடுது!”

ஃபேக்டரிக்குள்ளிருந்து புலி உறுமுவது போல் ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. செல்லையா காதைச் சாய்த்துக் கேட்டான்.

“சலங்கைச் சத்தம் அங்கயும் கேக்குதுங்களே.”

“அது டீ அரைக்கிற மிஷினப்பா. நீ காரைப் பாரு.”

மருதாசலம் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். செல்லையா முன்னால் போய் பானெட்டைத் தூக்கினான். வெகு நேரம் பார்த்தான். பிறகு பரமசிவனைப் பார்த்தான். பரமசிவன் வானத்தைப் பார்த்தார்.

“என்னப்பா, மிரண்டுட்டியா?”

“இல்லீங்க. பார்த்ததும் தைரியம் வந்துருச்சு. இந்த மாதிரி வண்டிதாங்க எனக்குப் பழக்கம்” என்று பானெட்டை மூடினான்.

கார் ரோட்டைப் பார்த்த சரிவில் நின்றது. செல்லையா ஹேண்ட் பிரேக்கை விடுவித்தான். வெண்ணெயில் விரல் போவது போல் கார் இறங்கியது. ஃபேக்டரி சத்தம் பின்னால் தேய்ந்ததும் காட்டுக்குருவிகளின் குரல் கேட்டது.

“எஞ்சினை ஆஃப் பண்ணிட்டியா?”

“ஆஃப்லதாங்க இருக்கு.”

“இறக்கத்துல எல்லா மலை டிரைவரும் பண்றதுதான். ஆனா கேட்டைத் தாண்டறதுக்கு முந்தியே பண்ணினவன் நீதான்!” மருதாசலத்துக்குப் பெட்ரோல் என்றால் ரத்தம் மாதிரி. “ஆக்ஸிலேட்டர் மிதிக்கறதுல எப்படி?”

“அந்தப் பழக்கமே கிடையாதுங்க.”

“ஆஹா!”

வளைவுக்கு வளைவு பிரேக் கருகும் வாசனை வந்ததே தவிர, வேறு குறையில்லை. குஞ்சப்பனை தாண்டி, சமவெளி வந்து, மேட்டுப்பாளையத்துக்கு முன்னால் ஒரு டீக்கடை வாசலில் கார் தானாகவே நின்றது. டீ குடிக்கத்தான் நிறுத்தினான் என்று மருதாசலம் நினைத்துக்கொண்டார்.

இறங்கி பானெட்டின் மேல் கை வைத்தார். குளிர்ந்திருந்தது. குனிந்து அடியில் பார்த்தார். ஒரு சொட்டு ஆயில் இல்லை.

“கொதிக்கல. கக்கல. சலங்கை இல்ல, புகை இல்ல! ஏப்பா, என்ன மந்திரம் போட்டே?”

“நானா ஒண்ணும் பண்ணலீங்க.”

“தன்னடக்கம் வேற!” மருதாசலம் டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “எல்லாரும் சாட்சி. இனி நான் இருக்கற வரைக்கும் இவன்தான் என் டிரைவர். இந்தா, ஊட்டுச் சாவி.”

செல்லையா சாவியைக் கண்ணில் ஒற்றி, இடுப்பில் பத்திரமாக முடிந்துகொண்டான்.

“சரி, வண்டியைத் திருப்பு. ஏத்தத்துல அந்தக் குதிரைகளையும் பார்த்துடலாம்.”

“ஏத்தத்துக்குப் பத்து ஆள் வேணுங்க, தள்ள.”

“என்னது?”

செல்லையா பானெட்டைத் தூக்கிக் காட்டினான். உள்ளே சில போல்ட் ஓட்டைகளும், அரவேணுவில் ஏறிய ஒரு தவளையும் இருந்தன.

“எஞ்சின் எங்கடா?”

“ரோலரைச் சுத்திக்கிட்டு இருக்குதுங்க. நீங்கதானே அதட்டினீங்க.”

மருதாசலம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். “எஞ்சின் இல்லாத காரை மேட்டுப்பாளையம் வரைக்கும் எப்படிடா ஓட்டினே?”

“சிலோன்ல, நொவரெலியாவுல தொர காரு எஞ்சினை ரிப்பேருக்குச் சீமைக்கு அனுப்பினாங்க, திரும்பி வரவே இல்ல. பன்னெண்டு வருசமும் மத்தவங்க தள்ளுவாங்க, நான் ஸ்டியரிங் பிடிப்பேன்” என்ற செல்லையா, இடுப்புச் சாவியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “எஞ்சின் இருக்கற காருதாங்க எனக்கு ஓட்டத் தெரியாது.”